பதில் குரல்

பாடிக்கொண்டிருக்கும் வாய் எதையும் தின்னாது. மனித குலம் தோன்றிய நாள்தொட்டு எல்லாருடைய கண்ணெதிரிலும் கிடந்த இந்த உண்மையைக் குனிந்து எடுப்பதற்கு, ஊவாக் கோப்பி மேம்பாட்டுச் சபையின் உதவிப் பணிப்பாளர் திரு. லூக்காஸ் அவர்கள் பதுளையில் வந்து பிறக்க வேண்டியிருந்தது. நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆகவே பெயர் தெரிந்தவர்களில் இவரை முதலில் வைப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வர நியாயமில்லை.

கண்டுபிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில், பூசை நடுவில் நிகழ்ந்தது. பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எதையும் மெல்லவில்லை. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும், கடைசி வரிசையில் நின்ற பாட்டுக்காரர் ஒருவர் மடியிலிருந்து கச்சான் கடலை எடுத்து உடைத்தார். லூக்காஸ் ஐயாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவாமியார் பாவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐயா அதற்குள் அதைத் தடுக்கும் முறையையே கண்டுபிடித்து முடித்திருந்தார்.

அப்போது நாட்டில் மாவுக்குத் தட்டுப்பாடு. பாணுக்கு விடியுமுன்பே வரிசை. ஒரு பை அரிசியோடு பஸ்ஸில் ஏறியவரை, அரிசி கொண்டுபோகத் தடை என்று பொலிஸ்காரர் இறக்கி, அரிசியை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பி ஏற்றிய காலம். ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலை பட்டுப்போன சரிவுகளில் சபை கோப்பி வைத்து வளர்த்த கருங்கல்மலைத் தோட்டத்தில் அந்த வருஷம் கோப்பி மட்டும் கொழித்தது. கொப்பு கொப்பாகச் சிவந்து நின்றது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அடுப்புப் புகை குறைந்துகொண்டே வந்தது.

கோப்பியைக் கோப்பையில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பழுத்த கோப்பிப் பழம் இனிக்கும். தோலுக்கடியில் வழவழவென்று கொஞ்சம் சதை, அவ்வளவுதான். கொட்டையை யாரும் தின்பதில்லை. கருங்கல்மலையில் மரத்திலிருந்து கூடைக்குப் போகும் வழியில் சில பழங்கள் வாய்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயின. சப்பிய கொட்டை ஒழுங்காகக் கூடைக்கே வந்து சேர்ந்தது. ஆனாலும் மாலையில் தராசில் நிறை குறைந்தது. சபை விழித்துக்கொண்டது.

ஒருநாள் காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், மூடுபனியில் எல்லாரும் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது, ஜீப் வந்தது. சாரதி ஹுமைத் பின்கதவைத் திறந்து ஒரு கதிரையை இறக்கிவைத்தார். சபைத் தலைமையகத்திலிருந்து ஐயா போகுமிடமெல்லாம் கூடவே போகும் கதிரை அது. கைப்பிடியில் சபையின் முத்திரை செதுக்கியிருந்தது. லூக்காஸ் ஐயா அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"தொழிலாளப் பெருமக்களே! வெள்ளைக்காரன் உங்களை அடித்து வேலை வாங்கினான். நாங்கள் உங்களைப் பாடவைத்து வேலை வாங்கப் போகிறோம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இங்கே சிலர் பழம் தின்பதாக அறிகிறேன். பழம் தின்பது மரநாயின் தொழில். மனுஷன் பசித்தால் பசியோடு இருப்பான். மிருகம்தான் கையில் கிடைத்ததை வாயில் போடும். இந்தக் கோப்பிப் பழம் என்றைக்காவது என் உதட்டில் பட்டதென்றால், அன்றைக்கு நான் இந்தக் கதிரையில் உட்கார லாயக்கில்லாதவன்."

கூட்டத்தில் முன்னால் நின்ற நேசராணிக்கு வாய் சும்மா இருப்பதில்லை. பழம் பறிக்கிற நிரையில் அவள்தான் முதல் ஆள்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. தோலயும் சதயயும் எடுக்கத்தானே கீழ ஆலையில மெஷின் வச்சிருக்கீங்க? அது செய்யிற வேலையத்தான் நாங்க வாயால செஞ்சு குடுக்குறோம். மெஷினுக்கு எண்ணெ ஊத்துறீங்க. எங்களுக்கு அதுவுமில்ல."

"எண்ணெய் பற்றிச் சபை ஆலோசிக்கும்" என்றார் ஐயா.

அன்றிலிருந்து முறை அமுலுக்கு வந்தது. விசில் ஊதியதிலிருந்து தராசுக்கு வரும்வரை, நிரை பிடித்த ஒவ்வொருவரும் பாடிக்கொண்டே பறிக்க வேண்டும். பாட்டை ஐயாவே எழுதியிருந்தார்:

*பழுத்ததைப் பறிப்போம், பச்சையை விடுவோம்,*
*பாட்டாளி நாமே பாரினை நடத்துவோம்,*
*வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது,*
*வளரும் சபையே, வாழிய வாழிய!*

மூன்றாவது வரியில் பலருக்குத் தொண்டை அடைத்தது. உணர்ச்சிப்பெருக்கு என்று சபை மகிழ்ந்தது.

ஒருவர் குரல் நின்றால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மூன்று நாள் தொடர்ந்து குரல் இல்லாவிட்டால் பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டுப்பட்டால் தோட்டத்துக் கடையில் மாவு இல்லை. பாட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசினால் அதுவும் மௌனம் என்றே கொள்ளப்படும். இதையெல்லாம் கண்காணிக்கும் பொறுப்பு சவரிமுத்துக் கங்காணிக்கு வந்தது. அவர் வாழ்நாளெல்லாம் கண்ணால் கங்காணி வேலை பார்த்தவர். இனிக் காதால் பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. சரிவின் அடியில் நின்று, உள்ளங்கையைக் காதில் குவித்து, யாருடைய குரல் மலையிலிருந்து உதிர்ந்து போகிறது என்று நாளெல்லாம் கேட்டார். கொஞ்ச நாளில் அவருக்குக் கோயில் மணிகூடச் சந்தேகமாகக் கேட்டது.

முதலில் ஒரு சின்னக் கோளாறு நேர்ந்தது. 'வாழிய'வுக்குப் பிறகு, ஓர் இனிமைக்காக, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்க ஐயா இடம் வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் மலையே ரீங்கரித்தது. ரீங்காரம் நாளுக்கு நாள் நீண்டது. சில நிரைகளில் பாட்டு முழுவதுமே ரீங்காரமாகி, நடுநடுவே ஒரு சொல் மட்டும் எட்டிப் பார்த்தது. தராசில் நிறை மறுபடி இறங்கியது.

"எங்களுக்குப் பாட்டுல ரொம்பப் புடிச்சதே அந்த எடந்தாங்க ஐயா" என்றாள் நேசராணி. அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

சபை கூடியது. வாயை மூடிப் பாடுவது பாட்டல்ல, வாய்க்குள் பழம் இருப்பதற்கான சாட்சி என்று தீர்மானம் நிறைவேறியது. ரீங்காரம் தடைசெய்யப்பட்டது. அன்று முதல் கருங்கல்மலையில் யாராவது தெரியாமல் முனகினால்கூடக் கங்காணி அந்தப் பக்கம் ஓடினார்.

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்தபோதுதான் றோசாலிக்குக் குரல் போனது.

றோசாலி, பிலிப்பின் மனைவி. இருவருக்கும் லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும் மாவில் வாரம் ஓடுவதில்லை, தவழும். மார்கழி மழையில் நனைந்து நனைந்து அவளுக்கு இருமல் பிடித்தது. இருமல் நின்றபோது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காதருகே வந்து காற்றாய்ப் பேசினால்தான் கேட்கும்.

பிலிப்பு எதையும் உடனே நம்புகிற மனிதன். சபை சொன்னால் நம்புவான். அவள் சொன்னாலும் நம்புவான். மாலையில் அவள் ரொட்டியை அவன் பக்கம் தள்ளுவாள்.

"ஒனக்கு?"

"சுடும்போதே தின்னுட்டேன்" என்பாள் காற்றுக் குரலில். "வாசன புடிச்சுக்கிட்டே சுடணுமா என்ன, நான் என்ன பசிக்காத சம்மனசா?"

அவன் நம்பித் தின்றான்.

முதல் நாள் அவளுக்கு அரைப் பேர் விழுந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் விடியலில் பிலிப்பு அவளைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு அழைத்துப் போனான். மருந்துக்காரர் நாக்கை அழுத்தி, "ஆ சொல்லு" என்றார். சத்தம் வரவில்லை. மறுபடி "ஆ" என்றார். வரவில்லை.

"நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்றார்.

"ஐயா, ஆ வந்தா நாங்க ஏங்க இங்க வர்றோம்?"

"ஆ வராததற்கும் ஆ சொல்லாததற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தம்பி. இது பதுளையில் பார்க்க வேண்டிய விஷயம்."

பிலிப்பு பதுளைக்குப் போனான். சபைக் கந்தோரில் வெகுநேரம் நின்ற பிறகு லூக்காஸ் ஐயாவின் முன் நிறுத்தப்பட்டான். ஐயா தேநீரில் ஒரு பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேண்டும்?"

"எம் பொஞ்சாதிக்குக் கொரலு இல்லீங்க. இன்னிக்கோட மூணு நாளு. பேர வெட்டிராதீங்க ஐயா. மாவு நின்னுபோச்சுன்னா அவ தாங்க மாட்டா."

"குரல் இல்லையென்று யார் சொல்வது?"

"நாந்தாங்க."

"உனக்குத்தான் குரல் இருக்கிறதே. இல்லாதவர் வந்து சொல்லட்டும்."

"அவளால சொல்ல முடியாதுங்களே."

"அப்படியானால் அவள் முறைப்பாடு செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?"

பிலிப்பு யோசித்துப் பார்த்தான். அதில் ஓட்டை ஒன்றும் தென்படவில்லை. அவன் கண் கலங்கி நிற்பதைப் பார்த்து ஐயாவுக்கே மனம் இளகியது. பிஸ்கட்டை முடித்துவிட்டுப் பேசினார்.

"சபையை இரக்கமற்றது என்று யாரும் சொல்லக்கூடாது. அமைச்சர் ஊரில் இல்லாவிட்டால் பதில் அமைச்சர் இல்லையா? பணிப்பாளர் லீவு என்றால் பதில் பணிப்பாளர் இல்லையா? அதுபோல, உன் மனைவிக்கு ஒரு பதில் குரல் அனுமதிக்கிறேன். நீயே அந்தக் குரல். உன் அடியை ஒருமுறை உன் குரலில் பாடு. அடுத்தமுறை அவள் குரலில் பாடு. அவள் பேர் நிற்கும்."

பிலிப்பு கையெடுத்துக் கும்பிட்டான். கதவுவரை போனவனை ஐயா திரும்ப அழைத்தார். புதிதாய் ஒரு பொறி தட்டியிருந்தது.

"நில். நீ பாடினால் அவள் வாய் சும்மா இருக்குமே? சும்மா இருக்கிற வாய்தான் ஆபத்து. வேலை நேரத்தில் அவள் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். முடிச்சைக் கங்காணி போடுவார், கங்காணிதான் அவிழ்ப்பார். இன்னொன்று. நீங்கள் இருவரும் ஒரே நிரையில் நின்றால் எந்த வாய் எந்தக் குரலுக்கு என்று கங்காணிக்குக் குழப்பம் வரும். அவள் அடிச்சரிவில். நீ மேல்சரிவில்."

வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஹுமைத் அவனைப் பார்த்துக் கேட்டார்: "என்ன பிலிப்பு, வேல சரியாகிட்டா?"

"சரியாகிருச்சு நானா. ஐயா தங்கமான மனுசன். வாயக் கட்டிக்கிட்டா போதுமாம்."

ஹுமைத் துணியைப் பிழிந்தார்.

மறுநாள் பெரட்டில் சவரிமுத்துக் கங்காணி றோசாலியின் வாயைச் சுற்றிச் சீத்தைத் துணி ஒன்றைக் கட்டினார். "வலிக்கிதா தாயி?" என்றார். பதில் சொல்ல வழியில்லை என்பது முடிச்சுப் போட்ட பிறகே அவருக்கு உறைத்தது.

மேல்சரிவில் பிலிப்பு பாடத் தொடங்கினான். தன் குரலில் ஒரு அடி. பிறகு தொண்டையை இறுக்கி, மெல்லிய குரலில் றோசாலிக்கு ஒரு அடி. லயமே சிரித்தது. முதல் நாள் சிரித்தவர்கள் இரண்டாம் நாள் அவ்வளவு சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் மெல்ல மெல்ல அவளுடையதாகவே ஆகிவிட்டது. வரி முடிவில் அவள் கொஞ்சம் மூச்சு வாங்குவாள், அதுகூட வந்துவிட்டது. மூடுபனிக்குள்ளிருந்து அது இறங்கி வரும்போது, கீழே வாய் கட்டி நிற்கிற றோசாலியைப் பார்த்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு ஆளின் குரல் ஆளைவிட்டுத் தனியாக மலையில் நடமாடுவதைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

மாலையில் கட்டு அவிழ்ந்த பிறகு அவள் அவன் காதில் சொன்னாள்: "ஒங்க பாட்டுல நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நெசமாவா?"

"வயிறு நெறஞ்சுதுன்னு எம்பூட்டு நம்பிக்கையாப் பாடுறேன்!"

அவன் சிரித்தான். அவள் ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

கருங்கல்மலையின் புகழ் பரவியது. நிறை ஏறியதாகச் சபை அறிவித்தது. கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் நேரில் கேட்க வருவதாகச் செய்தி வந்தது. லூக்காஸ் ஐயா அதற்கு முன்தினமே வந்து எச்சரித்தார். நாளைக்குப் பாட்டை முறிக்கிறவர் பேர் மட்டுமல்ல, அந்த நிரையில் உள்ள எல்லார் பேரும் அந்த இடத்திலேயே வெட்டப்படும்.

அன்று விடியலிலிருந்தே பனி அடர்ந்திருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிவந்து அடிச்சரிவை மூடியது. நிரையில் பக்கத்தில் நிற்பவரும் நிழலாய்த்தான் தெரிந்தார். கொழும்புக் கார் தராசுக் கொட்டகை அருகே நின்றது. அதற்குப் பின்னால் ஹுமைத்தின் ஜீப். ஜீப்புக்குள் கதிரையும், ஐயாவின் மதியச் சாப்பாடு அடங்கிய அடுக்குக் கரியரும் இருந்தன. கோழிக்கறி வாசனை கொட்டகைவரை வந்தது. தராசுக்காரர் இரண்டு தடவை நிறையைத் தவறாகப் படித்தார்.

மலை பாடியது. கேட்க நன்றாகவே இருந்தது. முகமில்லாத மலை. வெள்ளைப் பனி. அதற்குள்ளிருந்து எங்கும் 'வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது'. கொழும்பு ஆட்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையசைத்தார்கள். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது.

பக்கத்து மரத்தில் பறித்துக்கொண்டிருந்த நேசராணி, றோசாலியின் நிழல் குட்டையாவதைக் கண்டாள். உட்காருகிறாள் என்று நினைத்தாள். பிறகு அந்த நிழல் இல்லை. இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பார்த்தாள். றோசாலி கூடையோடு சரிந்து கிடந்தாள். பழங்கள் சேற்றில் சிதறியிருந்தன. கண் பாதி மூடியிருந்தது. வாய்க்கட்டுத் துணி மூச்சில் உள்ளே போவதும் வருவதும் தெரிந்தது. மெதுவாக.

மேலே, பனிக்குள்ளிருந்து, றோசாலியின் குரல் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.

நேசராணி கங்காணியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பனியில் கை யாருக்குத் தெரியும்? கங்காணி காதைக் குவித்து எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாக் குரலும் இருந்தன. றோசாலியின் குரலும் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

கத்தினால் நிரை முழுவதற்கும் பேர் போகும். நிரையில் கைப்பிள்ளைக்காரிகள் இருந்தார்கள். நேசராணி பாட்டின் மெட்டை விடாமல், சொல்லை மட்டும் மாற்றினாள்:

*றோசாலி அக்கா விழுந்து கெடக்கா,*
*ரோட்டுக்குத் தூக்கணும் ஓடி வாங்க,*
*பிலிப்பு அண்ணே பாட்ட நிறுத்து,*
*பேச்சில்ல மூச்சில்ல ஓடி வாங்க!*

கொட்டகையில் கொழும்பு ஆட்கள் காதைத் தீட்டினார்கள். புதிதாக ஒரு குரல் தனித்து மேலெழுகிறதே, அது என்ன என்று கேட்டார்கள். லூக்காஸ் ஐயாவுக்குத் தமிழ் தெரியும். சொற்களும் கேட்டன.

"நான் எழுதிக் கொடுத்ததல்ல இது" என்றார் பெருமிதத்தோடு. "வயிறு நிறைந்தவர்களுக்குத் தானாக ஊறுகிற கற்பனை. நாட்டுப் பாட்டென்றால் அப்படித்தான், யாராவது ஒருவர் விழுந்துகொண்டே இருப்பார்."

கொழும்பு ஆட்கள் கைதட்டினார்கள். இன்னொரு முறை பாடச் சொன்னார்கள். ஐயா கங்காணியிடம் சொல்ல, கங்காணி பனிக்குள் குரல்கொடுத்தார்: "அதே அடிய இன்னொரு தடவ பாடச் சொல்றாங்க!"

நேசராணி பாடினாள். இந்தத் தடவை பக்கத்து நிரைகள் பிடித்துக்கொண்டன. பிறகு அதற்கு மேல் நிரைகள். 'றோசாலி அக்கா விழுந்து கெடக்கா' என்று அடிச்சரிவு முழுவதும் ஒரே குரலாய்ப் பாடியது. பாட்டு மலையில் ஏறியது. கொழும்பு ஆட்களில் ஒருவர் தாளம் போட்டார்.

மேல்சரிவில் பிலிப்பு றோசாலிக்காக 'வயிறும் நிறைந்தது' வரைக்கும் வந்திருந்தான். அங்கே நிறுத்தினான்.

அவன் இறங்கி வந்த வழியில் கோப்பிக் கொப்புகள் ஒடிந்து கிடந்தன. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுப் பக்கமாக வந்தான். சவரிமுத்துக் கங்காணி பின்னாலேயே வந்தார்.

"பிலிப்பு… ரெண்டு கொரலு நின்னுபோச்சேப்பா… கொழும்பு ஆளுங்க முன்னால… பேரு…"

அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். பிலிப்பு அவரைப் பார்த்தான். பிறகு, தோளில் அவளைச் சுமந்தபடி, அந்த மெல்லிய குரலில் பாடத் தொடங்கினான்: *பழுத்ததைப் பறிப்போம், பச்சையை விடுவோம்…*

மலை அத்துடன் வாயை மூடியது. யாரும் பாடவில்லை. யாரும் பேசவில்லை. கங்காணி பழக்கத்தில் கையைக் காதுக்குக் கொண்டுபோய், கேட்க ஒன்றுமில்லாததால் இறக்கிக்கொண்டார்.

கொட்டகை முன்னால் லூக்காஸ் ஐயா பிலிப்பை மறித்தார். கொழும்பு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறையைப் பற்றி ஒரு சந்தேகமும் மிஞ்சக்கூடாது.

"கங்காணி, கட்டை அவிழ்த்து வாயைப் பார்."

கங்காணி முடிச்சை அவிழ்த்தார். அது நனைந்து இறுகியிருந்தது. விரலால் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க."

"நன்றாகப் பார்."

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா."

ஐயா கொழும்பு ஆட்கள் பக்கம் திரும்பினார். "கவனியுங்கள். உணர்விழந்த நிலையிலும் வாய் வெறுமையாக இருக்கிறது. முறை முழு வெற்றி."

நேசராணி வந்துவிட்டிருந்தாள். சேலை முழுவதும் சேறு.

"வாய மட்டும் பாத்தா எப்பிடிங்க ஐயா? வயித்தயும் தட்டிப் பாருங்க. அங்கயும் ஒண்ணுமில்ல. ரெட்டை வெற்றின்னு சொல்லிக்கலாம்."

ஐயா பதில் சொல்லுமுன் பின்னால் ஏதோ தடாலென்று விழுந்தது. ஹுமைத் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, சபைக் கதிரையை இழுத்து ரோட்டில் போட்டிருந்தார். "ஏத்துங்க, ஏத்துங்க" என்றார். "கால் நீட்ட எடம் வேணும்."

"ஹுமைத்! யார் அனுமதித்தது?"

"பொறகு வந்து கேக்கிறன் சேர்." ஜீப் கிளம்பிவிட்டது.

றோசாலிக்கு ஹாலிஎல வளைவுவரை மூச்சிருந்ததாக ஹுமைத் பின்னால் சொன்னார். பிலிப்பு பதுளை ஆஸ்பத்திரி வாசல்வரை நிறுத்தாமல் பாடியதாகவும் சொன்னார். ஒரு அடி தன் குரலில், ஒரு அடி அவள் குரலில். வளைவு தாண்டிய பிறகு அவள் குரலில் மட்டும்.

கொழும்பு ஆட்கள் நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கை குலுக்கினார்கள். அவசரத்தில் ஐயாவை ஏற்றிக்கொள்ள மறந்து போனார்கள். பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இருந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, ஜீப் போன வழியே ரோட்டில் நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் நேசராணி. சத்தமில்லாமல் போனார்கள்.

"பாடச் சொல்" என்றார் ஐயா.

"ஆளில்லீங்களே" என்றார் கங்காணி.

"நீ போய்ப் பார்த்து வா."

கங்காணி பனிக்குள் போனார். ஐயா ரோட்டில் கிடந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தி, ஓரமாக வைத்து, உட்கார்ந்தார். அப்போதுதான் அடுக்குக் கரியரும் ஜீப்போடு போய்விட்டது ஞாபகம் வந்தது. மத்தியானம் தாண்டியது. ஜீப் வரவில்லை. லயத்தில் ஆளனுப்பிக் கேட்கலாமென்றால் அனுப்ப ஆளில்லை. கேட்டாலும் லயத்தில் என்ன இருக்கும் என்பதைச் சபை அறிந்தே இருந்தது. காலையில் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டது தவறு. கோழிக்கறி வாசனை கொட்டகையில் இன்னும் நிற்பதுபோலிருந்தது, ஒருவேளை அவருடைய ஞாபகத்தில்தான் இருந்ததோ என்னவோ. பனி கொட்டகையையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது கதிரையும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கோப்பி மரமும். கொப்பு நிறையச் சிவப்பு.

அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நெடுநேரம் இருந்தார்.

பிறகு கதிரையிலிருந்து எழுந்தார். அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன் முகப்பை ரோட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தார். மரத்தடிக்குப் போனார். ஒரு பழம். பிறகு இன்னொன்று. இனித்தது. கொட்டையை உமிழாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அடுத்ததைப் பறித்தார்.

பனிக்குள் காலடி கேட்டது. கங்காணி திரும்பி வருகிறார். மலையில் வேறு சத்தமே இல்லை. சப்புகிற சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

ஐயா அந்தப் பாட்டின் மெட்டைப் பிடித்தார்.

கங்காணி நின்றார். கை தானாகக் காதுக்குப் போனது. முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடுவார். இப்போது, தராசுக் கொட்டகைக்குப் பக்கத்தில் எங்கோ, பனிக்குள், மூடிய வாயோடு ஒரு குரல் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கையை இறக்கி, திரும்பி, வந்த வழியே நடந்தார்.